‘கரு தரம் சரியில்லை’ என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தால்

நாங்கள் ஐவிஎஃப் சிகிச்சையில் இருந்தோம்; முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை அது. எனக்கு அந்தப் போன் வந்தபோது பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தேன். தட்டில் சோறு போட்டாயிற்று. “அக்கா, ஆறு கருவுல ஒண்ணுதான் அஞ்சாம் நாள் வரைக்கும் வந்திருக்கு. அதுவும் கிரேடு கொஞ்சம் கம்மி, 3பிசி. டாக்டர் நாளைக்குப் பேசுவாரு” என்றார் நர்ஸ். அந்தத் தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 3பிசி என்றால் என்ன என்று போனில் தேடினேன். அரை மணி நேரத்தில், எங்களுக்குக் குழந்தையே பிறக்காது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 3பிசி தங்கவில்லை. இரண்டாவது சுற்றில், ஆறாம் நாள் வந்த ஒரு 4பிசி தங்கியது; அவள்தான் இப்போது வீட்டுச் சுவர் முழுக்க கிறுக்கிக்கொண்டிருக்கிறாள். அதே சமயத்தில் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த, பிறை ஊரைச் சேர்ந்த தோழி ஒருத்திக்கு எங்களைவிட நல்ல கிரேடு கருக்கள் கிடைத்தன. மூன்று சுற்று பார்த்துவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். இரண்டும் நடக்கும். நான் மருத்துவரில்லை. அந்தப் போனுக்கும் அடுத்த முடிவுக்கும் இடையில் என்னென்ன செய்யலாம் என்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள்

எதையும் முடிவு செய்யாதீர்கள். முட்டை எடுத்து ஐந்தாறு நாள்தான் ஆகியிருக்கும். வயிறு உப்பி, ஊசி போட்ட இடம் கன்றிப்போய், ஹார்மோன் ஏறி இறங்கும் நேரம் அது. அடுத்த சுற்று, வேறு கிளினிக், நிறுத்திவிடலாமா என்ற பேச்செல்லாம் ஒரு வாரம் கழித்து இருக்கட்டும்.

போனில் கேட்டதை உடனே எழுதி வையுங்கள்: எத்தனை முட்டை எடுத்தார்கள், அதில் எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவுற்றன, மூன்றாம் நாள் எத்தனை இருந்தன, ஐந்தாம் ஆறாம் நாள் எத்தனை. எங்கள் கணக்கு 11, 8, 6, 5, 1. இந்த ஐந்து எண்கள் பின்னால் மிகவும் பயன்படும். அன்று அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். என் கணவர் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப வேண்டாமென்று மாலை வரை சொல்லாமல் இருந்தேன். அது தவறு என்று இப்போது தோன்றுகிறது. எழுப்பியிருக்கலாம்.

கிரேடு தாளைக் கேட்டு வாங்குங்கள்

கருவின் படத்தையும் கிரேடையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள். எங்கள் படத்தில் சாம்பல் நிற வட்டம் ஒன்று, அதற்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிய சிறு கொத்து, ஓரத்தில் இடைவெளி விட்டு விட்டு நாலைந்து செல்கள். அந்தப் படத்தைப் பார்க்கப் பழகிய பிறகுதான் மருத்துவர் பேசுவது எனக்குப் புரியத் தொடங்கியது.

முட்டை எடுத்த மறுநாள் கருவுற்றதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள் ஆறிலிருந்து எட்டு செல் வரை இருந்தால் சரியான வளர்ச்சி. செல்கள் சமமாக இருக்கின்றனவா, உடைந்த துணுக்குகள் எவ்வளவு என்பதும் கணக்கில் வரும். ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் கரு நீர் நிறைந்த பை போல ஆகிவிடும், அதுதான் பிளாஸ்டோசிஸ்ட். அதற்குப் பல இடங்களில் கார்ட்னர் முறைப்படி ஓர் எண்ணும் இரண்டு எழுத்தும் தருகிறார்கள். எண் 1 முதல் 6 வரை, கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு: 3 என்றால் பை நிறைந்துவிட்டது, 4 என்றால் விரிந்து ஓடு மெலிந்துவிட்டது, 5 என்றால் ஓட்டை விட்டு வெளியே வரத் தொடங்கிவிட்டது. முதல் எழுத்து உள்ளே இருக்கும் கொத்துக்கு; குழந்தை அதிலிருந்துதான் உருவாகிறது. இரண்டாவது எழுத்து வெளிச்சுவருக்கு. நஞ்சுக்கொடி அதிலிருந்து வரும். ஏ என்றால் செல்கள் நெருக்கமாக நிறைய, பி என்றால் கொஞ்சம் தளர்வாக, சி என்றால் மிகக் குறைவாக.

ஆக 3பிசி என்றால், பை நிறைந்திருக்கிறது, குழந்தைக்கான கொத்து பரவாயில்லை, வெளிச்சுவர் மெலிவு. கழிவறையில் நின்று நான் நினைத்ததைவிட இது எவ்வளவோ சின்ன செய்தி.

கிரேடு என்பது அன்று காலை நுண்ணோக்கியில் தெரிந்த தோற்றம். உள்ளே இருக்கும் குரோமோசோம் சரியா தவறா என்பதை அது காட்டாது. ஒரே கருவுக்கு இரண்டு கருவியல் வல்லுநர்கள் இரண்டு கிரேடு போடுவதும் உண்டு. நல்ல கிரேடு கருவுக்கு வாய்ப்பு அதிகம், சி உள்ளதற்குக் குறைவு, அது உண்மை. ஆனால் சி கிரேடு கருவிலிருந்தும் குழந்தைகள் பிறக்கின்றன, அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே ஆரோக்கியமாக இருக்கிறார்கள். தரம் குறைந்த கருவென்றால் குறையுள்ள குழந்தை என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. எண்ணிக்கை இறங்குவது எல்லாருக்கும் நடப்பது. முதிர்ந்த முட்டை 10 இருந்தால் பொதுவாக 7, 8 கருவுறும். கருவுற்றதில் ஏறக்குறைய பாதிதான், சிலருக்கு அதற்கும் குறைவாக, ஐந்தாம் ஆறாம் நாளை எட்டும். உங்கள் ஐந்து எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய சரிவு எந்தப் படியில் என்று தெரியும்.

அந்தக் கருவை வைப்பதா, உறைய வைப்பதா

இதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். தரம் மிகவும் குறைந்த கரு உறைந்து உருகும்போது பிழைக்காமல் போகலாம் என்பதால், உடல்நிலை இடம் கொடுத்தால் அதே சுற்றில் வைத்துவிடுவோம் என்று சிலர் சொல்வார்கள். வயிறு அதிகம் உப்பியிருந்தாலோ கருப்பைச் சுவர் தயாராக இல்லாவிட்டாலோ காத்திருக்கத்தான் வேண்டும். ‘இது ஒன்றுக்கும் உதவாது, தூக்கிப் போட்டுவிடலாம்’ என்று அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். அது தங்காவிட்டாலும் ‘ஒரு வாய்ப்பைக் கொடுத்துப் பார்த்தோம்’ என்ற நிம்மதி எங்களுக்கு இருந்தது.

மறு ஆலோசனைக்குக் கேள்வியோடு போங்கள்

முடிவு சரியாக வராத சுற்றுக்குப் பிறகு மருத்துவரோடு உட்கார்ந்து பேச ஒரு நேரம் கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். நான் தனியாகப் போன முதல் முறை பாதி விஷயம் காதில் ஏறவே இல்லை. கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எங்களுக்கு உதவிய கேள்விகள் இவை: சரிவு எந்த நாளில் வந்தது, அதற்குக் காரணம் முட்டையா விந்தணுவா என்று ஊகிக்க முடியுமா? முட்டைகள் முதிராமல் இருந்தனவா? அப்படியென்றால் முட்டையை முதிரச் செய்யும் கடைசி ஊசியையோ அதன் நேரத்தையோ மாற்றலாமா? மருந்தின் அளவோ முறையோ மாற வேண்டுமா? அடுத்த முறை நீங்கள் வேறு எதைச் செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு ‘அதையேதான் மறுபடி செய்து பார்க்கலாம்’ என்று மட்டும் பதில் வந்தால், காரணம் கேளுங்கள். சில நேரம் அது நியாயமான பதில்தான், ஏனென்றால் ஒரே பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு முட்டைகள் வருகின்றன. காரணம் சொல்லவில்லையென்றால் இரண்டாவது கருத்து கேட்பதில் தவறே இல்லை. நாங்கள் எங்கள் தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் போய் வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். அவர் சொன்னதில் பாதி எங்கள் மருத்துவர் சொன்னதுதான். மீதிப் பாதி என் கணவரைப் பற்றியது.

இருவரையும் பரிசோதிக்க வேண்டும்

நம் வீடுகளில் கரு தரம் என்றாலே பெண்ணின் பக்கம் பார்வை போகும். வயது பெரிய காரணம் என்பது உண்மைதான். பெண்ணின் முட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. முப்பது நாற்பது வருடம் காத்திருந்த முட்டையில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே வரும். 40 வயதில் பாதிக்கு மேற்பட்ட கருக்களில் அந்தக் கோளாறு இருக்கும். ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். அது முட்டையின் எண்ணிக்கையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. ஏஎம்ஹெச் குறைந்த 30 வயதுப் பெண்ணுக்கு முட்டை குறைவாக வரலாம். வருகிற முட்டை அவள் வயதுக்கேற்ற முட்டைதான்.

தைராய்டு, மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி, உடல் எடை, கருப்பைக்கு வெளியே திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்களிடம்தான் அதிகம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியாது. 34 வயதில், ஐவிஎஃப் முதல் சுற்று முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஆண்கள் பக்கம். கரு முதல் இரண்டு மூன்று நாள் பெரும்பாலும் முட்டையின் சேமிப்பில்தான் ஓடுகிறது. அதன் பிறகுதான் கருவின் சொந்த மரபணுக்கள், தந்தையின் பங்கும் சேர்த்து, வேலையை எடுத்துக்கொள்கின்றன. அதனால் மூன்றாம் நாள் வரை நன்றாக இருந்து பிறகு கூட்டமாக நின்றுபோனால், விந்தணுவையும் பார்க்க வேண்டும் என்பார்கள். இது உறுதியான விதியில்லை, ஒரு துப்பு. எங்களுக்கு 5 கரு மூன்றாம் நாள் இருந்து ஐந்தாம் நாள் ஒன்றாகிவிட்டது. என் கணவரின் சாதாரண விந்துப் பரிசோதனை முடிவு நார்மல் என்றே இருந்தது. கோலாலம்பூர் மருத்துவர் விந்தணுவின் டிஎன்ஏ உடைவைப் பார்க்கும் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். உடைவு அதிகமாக இருந்தது. அவர் நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர்.

சிகரெட், வேப், அதிக எடை, விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருப்பது, தொடர்ந்த சூடு, இவையெல்லாம் விந்தணுவைக் கெடுக்கும். கடையில் காலை ஆறு மணியிலிருந்து ரொட்டிச் சானாய் கல்லின் முன்னால் நிற்பவர்களும் வெல்டிங் வேலை பார்ப்பவர்களும் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை: உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ஆண் ஹார்மோன்தானே, நல்லது செய்யும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று மாதம்

முட்டை எடுக்கும் பருவத்துக்கு வளர ஏறக்குறைய மூன்று மாதம். விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல். அதனால் இன்று நிறுத்துகிற சிகரெட்டின் பலன் அடுத்த வாரம் தெரியாது. மருத்துவர் ‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்றால் தட்டிக் கழிக்கிறார் என்று எண்ண வேண்டாம். 40-ஐ நெருங்கியவர்கள் மட்டும் இந்தக் காத்திருப்பு தங்களுக்குப் பொருந்துமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு மாதங்களின் கணக்கு வேறு.

இந்த மூன்று மாதத்தில் நாங்கள் செய்தவை எளிமையானவை. அவர் சிகரெட்டை விட்டார், முதல் மூன்று வாரம் வீடே போர்க்களம். நான் தே தாரேக்கை விட்டுச் சர்க்கரை போடாத கோப்பிக்கு மாறினேன். இரவுச் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் மீனும் கூட்டினோம். சாப்பிட்ட பிறகு கர்னி கடற்கரையில் நடந்தோம். போலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம். சர்க்கரை இருப்பவர்களுக்கும் எடை அதிகமானவர்களுக்கும் மருத்துவர் இதைவிடக் கூட்டிக் கொடுப்பார்.

என் அம்மா ஒவ்வொரு முறையும் ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பார். கந்த சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நானும் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டவள்தான். ஆனால் ஊசி போடும் நாட்களில் பட்டினி விரதம் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், மாலையில் கவசம் மட்டும் படித்தேன். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எது எடுத்தாலும் அதன் பெயரை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

கூடுதல் சிகிச்சைகளைக் காட்டினால்

முடிவு சரியில்லாத சுற்றுக்குப் பிறகு ஒரு விலைப்பட்டியல் வரலாம். கருப்பைச் சுவரைச் சுரண்டுவது, கொழுப்புச் சத்து டிரிப் ஏற்றுவது, சினைப்பையில் பிஆர்பி ஊசி (சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடுவது) என்று. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023-ல் இந்தக் கூடுதல் சிகிச்சைகளை ஆராய்ந்து பரிந்துரைகள் வெளியிட்டது. இப்போது சொன்ன மூன்றையும் அது பரிந்துரைக்கவில்லை. கோக்யூ10 என்ற சத்து மாத்திரை பற்றிக் கொஞ்சம் நம்பிக்கை தரும் ஆய்வுகள் இருக்கின்றன, உறுதியான சான்று இல்லை. நான் சாப்பிட்டேன், அதனால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

பிஜிடிஏ என்ற குரோமோசோம் பரிசோதனை கருவின் தரத்தைக் கூட்டாது. இருக்கிற கருக்களில் எதை முதலில் வைக்கலாம் என்று தேர்ந்தெடுக்க உதவும். ஒரே ஒரு கருதான் இருக்கிறது என்றால் அந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கிறோம் என்று நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல முறை கலைந்தவர்களுக்கும் வயது கூடியவர்களுக்கும் அதற்கு வேறு நியாயம் உண்டு.

பணம்

எங்கள் முதல் சுற்றுக்கு மருந்தோடு சேர்த்து 21,000 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. இரண்டாவது சுற்றுக்கு முன்னால்தான் ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்று தெரிந்தது. நாம் கேடபிள்யூஎஸ்பி என்று சொல்வதும் அதுதான். பழைய இரண்டாம் கணக்கு, இப்போதைய அக்காவுன் செஜாத்ரா, அதிலிருந்து ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப், இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) சிகிச்சைக்கு எடுக்கலாம். வருமான வரியிலும் கடும் நோய்ச் செலவுப் பிரிவில் கருத்தரிப்புச் சிகிச்சை சேர்கிறது. 2023 வரி ஆண்டிலிருந்து அந்தப் பிரிவின் உச்சவரம்பு 10,000 வெள்ளி. ரசீதுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வையுங்கள். தலைநகரில் எல்பிபிகேஎன் என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக், துங்கு அசிசா மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகியவற்றிலும் சிகிச்சை உண்டு. செலவு தனியாரைவிடக் குறைவு, காத்திருப்பு அதிகம்.

வீட்டில் என்ன சொல்வது

கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைக் கையில் கொடுக்கும்போதே ‘என்னம்மா, விசேஷம் ஏதும் இல்லையா?’ என்று கேட்டுவிடுவார்கள். அதற்கு ஒரே வரிப் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். “டாக்டரைப் பார்த்துக்கிட்டிருக்கோம் அத்தை, நல்லது நடந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்” என்பேன். அதற்கு மேல் பேச்சு போகாது. மாமியாருக்குக் கிரேடு பற்றிச் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நாங்கள் சொன்னோம், ஆனால் என் கணவர்தான் சொன்னார், தன் சிகரெட்டையும் டிஎன்ஏ முடிவையும் சேர்த்து. பிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஊசி மருந்தை அன்றைக்குப் பிறகு மாமியார்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

எத்தனை சுற்று என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்

அடுத்த சுற்றுக்கு ஊசி போடத் தொடங்கும் முன் பேசிவிடுங்கள். பிறைத் தோழியும் அவள் கணவரும் ‘மூன்று, அதற்கு மேல் வீட்டை அடகு வைக்க மாட்டோம்’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவதிலும் நல்ல கரு வந்து, தங்காமல் போனபோது, நான்காவதற்குக் கடன் வாங்கலாம் என்று அவள்தான் தொடங்கினாள். அவர் அந்தத் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

முட்டைத் தானம் இஸ்லாமியர் அல்லாத தம்பதியருக்கு ஒரு வழி; வயதால் முட்டைத் தரம் குறைந்தவர்களிடம் மருத்துவர் அதைப் பேசுவார். அதை ஏற்க மனம் இடம் கொடுக்க நாளாகலாம், கொடுக்காமலும் போகலாம். தோழி தத்தெடுக்க முடிவு செய்தாள். இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு 1952 தத்தெடுப்புச் சட்டம். நீதிமன்ற உத்தரவுக்கு முன் குழந்தை குறைந்தது தொடர்ந்து மூன்று மாதம் உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். விவரம் கேட்க ஜேகேஎம் என்ற சமூகநல இலாகாவுக்கு அவளோடு நானும் போனேன். நீங்கள் போவதானால் திருமணச் சான்றிதழையும் இருவரின் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.